ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே

ஹெட்டைக் கழற்றியதும் பட்டறையில் எல்லோரும் சிலிண்டர் சுவரைத்தான் பார்ப்பார்கள். மேல் விளிம்பில் படி விழுந்திருக்கிறதா என்று நகத்தை விட்டுத் தடவுவார்கள். எனக்கு முதலில் பார்க்க வேண்டியது பிஸ்டனின் தலை. துடைக்காமல், சுரண்டாமல், கரி படிந்தது படிந்தபடியே இருக்க வேண்டும். பையன்கள் ஆர்வக்கோளாறில் எமரித் தாளை எடுத்து வந்து தேய்க்கத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். எங்கே கரி தடித்திருக்கிறது, எங்கே உலோகம் வெளுத்துத் தெரிகிறது என்று பார்த்தாலே, அந்த இன்ஜினை முன்பு கட்டியவர் எதை அளந்தார், எதை அளக்காமல் மூடினார் என்பது பாதி தெரிந்துவிடும்.

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை வைத்தே பேசுகிறேன், என் கை அதிகம் பழகியது அதில்தான். பி.எம்.சி.யின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஹெட்டில் உள்ள எரியறை வட்டமாக இருக்காது, ஏறத்தாழ இதய வடிவில் இருக்கும். ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளரின் கைவேலை அது. இரண்டு வால்வுகளுக்கும் நடுவே இரும்பு ஒரு மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். எரியறைக்கு வெளியே உள்ள பகுதியில் ஹெட்டின் தட்டையான முகம் பிஸ்டனின் தலைக்கு நேர் மேலே கூரை போட்டதுபோல நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தத் தட்டைக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர் அளவு. கூடினாலும் குறைந்தாலும் இன்ஜினின் குணம் மாறும்.

பிஸ்டன் மேலேறும் கடைசி நேரத்தில், தட்டைக்குக் கீழே அகப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவைக்குப் போக்கிடம் இருக்காது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தண்ணீரை வைத்து அறைந்தால் பக்கவாட்டில் பீச்சுமே, அப்படி அது எரியறைக்குள் பாயும். இதைத்தான் ஸ்க்விஷ் என்கிறோம். அந்தப் பாய்ச்சல் கலவையைக் கலக்கிவிடும், ஸ்பார்க் விழுந்ததும் தீ வேகமாகப் பரவும். இன்னொரு நன்மையும் உண்டு. நாக்கிங் என்பது ஸ்பார்க் பிளக்கிலிருந்து தூரத்தில் இருக்கும் கலவை, தீ வந்து சேரும் முன்பே சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பது. ஸ்க்விஷ் இடுக்கு போதிய அளவு மெல்லிசாக இருந்தால் அங்கே மிஞ்சிய கலவை மிகக் கொஞ்சம். மேலே ஹெட்டும் கீழே பிஸ்டனும் அதன் சூட்டை உறிஞ்சிவிடும். வெடிக்க அங்கே சரக்கே இருக்காது.

பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ 1919 வாக்கில் சைடு வால்வு இன்ஜின்களுக்குச் செய்த ஹெட்டின் சூட்சுமமே இதுதான். பிஸ்டனின் ஒரு பாதிக்கு மேல் ஹெட்டைத் தாழ்த்தி இடுக்கை உண்டாக்கினார். அதே பெட்ரோலில் கூடுதல் கம்ப்ரெஷனைத் தாங்கும்படி இன்ஜின் மாறியது. 1981-இல் ஜாகுவார் தன் வி-12 இன்ஜினுக்கு மைக்கேல் மே என்ற பொறியாளரின் எரியறையை வைத்து 12.5 கம்ப்ரெஷன் விகிதத்தைத் தொட்டதும் கலவையின் சுழற்சியையும் இடுக்கையும் நம்பித்தான். அம்பாசடருக்கு அவ்வளவு பெரிய ஆசை வேண்டியதில்லை. ஆனால் விஷயம் ஒன்றுதான்.

இப்போது அந்த பிஸ்டன் தலைக்கு வருகிறேன். இடைவெளி சரியாக இருந்த இன்ஜினில், ஹெட்டின் தட்டை முகத்துக்கு நேர் கீழே உள்ள பகுதியில் கரி அதிகம் ஏறியிருக்காது. சாம்பல் கலந்த பழுப்பில் உலோகம் தெரியும், அதன் எல்லை எரியறையின் இதய வடிவத்தை அப்படியே வரைந்துவைத்ததுபோல இருக்கும். இடைவெளி கூடிப்போன இன்ஜினில் அந்தக் கோடே இருக்காது. விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே கறுப்பு. இடைவெளி மிகவும் குறைந்துபோயிருந்தால் விளிம்பில் பிறை போல ஒரு பளபளப்பு தெரியும். ஹெட்டிலும் அதே இடத்தில் அதே பிறை இருக்கும். இரண்டும் முத்தமிட்டுக்கொண்டதற்கு அடையாளம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டக் டக்’ என்று தட்டி, சூடேறியதும் அடங்கிவிடும் வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே ஆட்டம் கூடுதல், பிஸ்டன் உச்சியில் சாயும்போது அதன் ஒரு விளிம்பு மேலே எழும். அலுமினியம் சூடேறி விரிந்ததும் ஆட்டம் குறையும், சத்தமும் நின்றுவிடும். இதைக் கேட்டு ‘கனெக்டிங் ராடு பேரிங் போயிடுச்சு’ என்று சொல்பவர்களும் உண்டு.

கறுப்பு பிஸ்டன்களுக்குக் காரணம் பெரும்பாலும் கேஸ்கெட்தான். ஒரு முறை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்பாசடரைக் கொண்டுவந்தவர் இப்படிச் சொன்னார்:

“அண்ணா, போன தடவ ஹெட் ஃபேஸிங் போட்டதுல கம்ப்ரெஷன் ஏறிடுச்சுங்க. தட்டுச்சு. அதுக்குன்னு ரெண்டு கேஸ்கெட் வெச்சுக் கொடுத்தாங்க. அப்பவும் மேட்டுல தட்டுதுங்களே, என்னங்க பண்றது?”

“ரெண்டு கேஸ்கெட் வெச்சதாலதானுங்க தட்டுது” என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

இரண்டு கேஸ்கெட் வைத்தால் கம்ப்ரெஷன் குறையும் என்பது உண்மை. கூடவே ஸ்க்விஷ் இடுக்கும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் திறந்துவிடும். அந்த அளவு இடுக்கில் கலவை நிறையவே தங்கும். எரியறைக்குள் பாய்ந்து கலக்கும் வேகம் அதற்கு இருக்காது, சுவர்கள் அதன் சூட்டை உறிஞ்சும் அளவுக்கு அது மெல்லிசாகவும் இருக்காது. பிளக்கிலிருந்து வெகு தூரத்தில், நன்றாகச் சூடேறி, வெடிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும். விகிதம் இறங்கியும் நாக்கிங் நிற்காமல் போவது இதனால்தான். தீ மெதுவாகப் பரவுவதால் இழுவையும் குறையும், இழுவைக்காக டைமிங்கை முன்னால் தள்ளுவார்கள், நாக்கிங் இன்னும் கூடும். இரண்டு கேஸ்கெட்டுக்கு நடுவே தண்ணீர் கசிவது தனிக் கதை.

ஆகவே இடைவெளியையும் கம்ப்ரெஷன் விகிதத்தையும் நான் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறேன். முதலில் இடைவெளியைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவேன். அதை முடிவு செய்த பிறகு அதைத் தொடவே மாட்டேன். விகிதம் கூடுதலாக வந்தால் ஹெட்டின் குழியைக் குடைந்தோ, தலையில் பள்ளமுள்ள பிஸ்டனைத் தேடியோ இறக்குவேன். கேஸ்கெட்டால் விகிதத்தைத் திருத்துவது கேஸ்கெட் விற்பவருக்கு நல்லது.

சரியான அளவு எது? எஃகு கனெக்டிங் ராடு போட்ட இந்த ரக இன்ஜின்களுக்கு 0.9 முதல் 1.0 மி.மீ. வரை என்பது உலகமெங்கும் இன்ஜின் கட்டுபவர்கள் புழங்கும் கணக்கு. பட்டறைப் பேச்சில் முப்பத்தைந்து முதல் நாற்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ). வாடகைக்கு ஓடும் வண்டிக்கு 1.2 மி.மீ. வரை விட்டுவிடுவேன். அதற்கு மேல் போனால் மனம் ஒப்பாது.

0.9-ஐவிடக் குறைக்க ஆசைப்படுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 5,000 சுற்றில் இந்த இன்ஜினின் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 1,500 மடங்கு. ரிங், பின் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ எடையுள்ள பிஸ்டன் அந்த நொடியில் முக்கால் டன் விசையோடு ராடை மேலே இழுக்கும். கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் மேலே அழுத்தமான வாயு இருப்பதால் அது பிஸ்டனை அணைத்து நிறுத்தும். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் மேலே ஒன்றும் இல்லை. பேரிங்கில் விட்டிருக்கும் ஆட்டம், ராடு நீளும் ஒரு துளி, பிஸ்டனின் சாய்வு எல்லாம் அப்போது ஒரே பக்கம் கூடும். மோதல் நடப்பதானால் வெடிக்காத அந்த ஸ்ட்ரோக்கில்தான் நடக்கும். மேலே படியப்போகும் கரிக்கும் இடம் வேண்டும்.

அளப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்து, டயல் கேஜை முகத்தில் வைத்துப் பூஜ்ஜியம் பண்ணி, முள்ளை பிஸ்டன் தலைக்கு நகர்த்துவேன். முள் நிற்கும் இடம் முக்கியம். பிஸ்டன் பின் ஓடும் கோட்டுக்கு நேர் மேலே, அதாவது இன்ஜினின் முன்பின் திசையில் நிற்க வேண்டும். அந்தத் திசையில் பிஸ்டன் சாயாது. குறுக்குத் திசையில் வைத்தால் பிஸ்டனை விரலால் அழுத்தும்போதே முள் ஆடும், எந்த அளவை எழுதுவது என்று தெரியாது. கிராங்கை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து முள் உச்சத்தில் நிற்கும் அளவைக் குறித்துக்கொள்வேன். நான்கு சிலிண்டரிலும் இதைச் செய்ய வேண்டும். ஒன்றாம் நம்பரை மட்டும் அளந்துவிட்டு மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதில் பயனில்லை. நான்கும் ஒரே அளவாக வந்தால் அன்றைக்கு லேத்காரருக்கு டீ என் கணக்கு.

வித்தியாசம் வருவதற்குக் காரணமா இல்லை? கிராங்க் கிரைண்டிங்கில் ஜர்னலின் மையம் துளி நகர்ந்திருக்கும். ராடின் பெரிய வாயைச் சரிசெய்யும்போது நீளம் குறைந்திருக்கும். பிளாக்கின் முகம் முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவுமாக இழைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வாங்கும் பிஸ்டன் செட்டில் பின் மையத்திலிருந்து தலைவரை உள்ள உயரம் பழையதோடு ஒத்துப்போகாது. பிளாக் இழைக்கப்பட்டிருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, ஓவர்சைஸ் பிஸ்டனில் அந்த உயரத்தை வேண்டுமென்றே குறைத்துச் செய்பவர்களும் உண்டு. பழைய பிஸ்டனையும் புதிய பிஸ்டனையும் பின்னில் கோத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே தெரியும். ராடையும் பிஸ்டனையும் சிலிண்டர் மாற்றிக் கோத்துப் பார்த்தால் பல சமயம் நான்கும் நெருங்கி வந்துவிடும், காசு செலவே இல்லை.

டயல் கேஜ் சொல்வது பிளாக்கின் கணக்கை. கேஸ்கெட்டோடு மூடிய பிறகு உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்பதை ஈயப் பற்றுக்கம்பியால் பார்க்கிறேன். எதிர்பார்க்கும் இடைவெளியைவிடத் தடித்த கம்பியாக எடுத்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, துளி கிரீஸில் பிஸ்டன் தலையில் ஒட்டுவேன். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும், எதிரெதிர் பக்கங்களில் வைக்க வேண்டும். ஏற்கெனவே நசுங்கிய பழைய கேஸ்கெட்டைப் போட்டு, ஹெட் நட்டுகளை முழு டார்க்கில் முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி, தட்டையான துண்டை மைக்ரோமீட்டரில் பிடித்தால் அளவு கையில் கிடைக்கும். புதுக் கேஸ்கெட்டைப் பொட்டலத்திலிருந்து எடுத்து அளந்த தடிமனுக்கும் நசுங்கிய பிறகு உள்ள தடிமனுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் வசதி. இன்லெட் வால்வு பிஸ்டனுக்கு மிக நெருங்கி வருவது டாப் டெட் சென்டர் தாண்டிச் சுமார் பத்து டிகிரியில், எக்ஸாஸ்ட் வால்வு அதே அளவு முன்னால். கேம் மாற்றாத இன்ஜினில் இதற்கு அவ்வளவு கவலை வேண்டாம்.

இடைவெளி முடிவானதும் விகிதம். ஒரு சிலிண்டரின் ஸ்ட்ரோக் கொள்ளளவு 372.3 சி.சி. விகிதம் 8.3 வேண்டுமென்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் மொத்த இடம் 51 சி.சி. இருக்க வேண்டும். நசுங்கி 0.9 மி.மீ. ஆன, 76 மி.மீ. துளையுள்ள கேஸ்கெட்டுக்குள் 4.1 சி.சி. போய்விடும். பிஸ்டன் பிளாக் முகத்துக்கு 0.3 மி.மீ. கீழே நின்றால் இன்னொரு 1.3 சி.சி. மீதி 45.6 சி.சி. ஹெட்டின் குழிக்கும் பிஸ்டன் தலையின் பள்ளத்துக்கும் சேர்ந்தது. ஹெட்டின் குழியை அளக்க பிளக்கையும் வால்வுகளையும் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழியின் ஓரத்தில் மெல்லிசாக கிரீஸ் தடவி, துளை போட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டால் மூடி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டவிட வேண்டும். அதில் கொஞ்சம் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கலந்தால் சிவப்பாகத் தெரியும். கடைசி காற்றுக்குமிழி துளை வழியே வெளியேறும்போது பியூரெட்டை மூடிப் படிக்க வேண்டும். ஹெட்டைத் துளி சாய்த்து வைத்தால் குமிழி தானாகத் துளைக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போடாதவர்களுக்குத் தெரியாமலே விகிதம் ஏறும், இறங்கும். பிளாக் முகத்தை அரை மில்லி இழைத்தால் 2.1 சி.சி. போய் 8.3 என்பது 8.6 ஆகும். நாற்பது தௌ ஓவர்சைஸ் போரிங் போட்டாலே, எரியறையைத் தொடாமலே, விகிதம் சுமார் 8.5. இரண்டும் சேர்ந்தால் 8.8. மறுபக்கம் இறங்கவும் செய்யும். நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். அதுவரை வால்வு சீட்டைக் காத்துவந்தது பெட்ரோலில் இருந்த ஈயம்தான். அது போனதும் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட்டுகள் தேயத் தொடங்கின. எக்ஸாஸ்ட் வால்வுகள் உள்ளே இறங்கின, இறங்கியதை மறுபடி மறுபடி கட்டிங் போட்டார்கள். 35 மி.மீ. வால்வு அரை மில்லி உள்ளே போனால் ஏறத்தாழ அரை சி.சி. கூடும். இப்போது கெட்டி சீட் வளையம் அடித்து வால்வைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தால் அந்த அரை சி.சி. திரும்பப் போகும். இதையும் கணக்கில் எடுக்கும் பட்டறைகள் குறைவு.

லேத்தில் ஹெட்டை இறக்கும்போது “எவ்வளவு எடுக்கட்டுங்க?” என்று கேட்பார்கள். “முகம் நேராகற அளவுக்கு மட்டும் எடுங்கண்ணா, அதுக்கு மேல ஒரு தௌகூட வேண்டாங்க” என்பேன். பளபளப்பாக வர வேண்டும் என்று இன்னொரு வெட்டு விடும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. ஹெட்டை இழைப்பதால் ஸ்க்விஷ் இடைவெளி மாறாது, குழியின் ஆழம் மட்டும் குறைந்து விகிதம் ஏறும். பிளாக்கை இழைத்தால் இடைவெளியும் குறையும், விகிதமும் ஏறும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் எதை இழைக்கச் சொல்வது என்பதில் குழப்பமே வராது. பிஸ்டன் தாழ நிற்கிறதா, பிளாக்கை எடு. விகிதம் ஏறிப்போகிறதா, ஹெட்டின் குழியை வால்வைச் சுற்றிக் குடைந்து மெழுகு. அங்கே குடைவதால் காற்று உள்ளே போகும் வழியும் கொஞ்சம் திறக்கும். தட்டை முகத்தின் பரப்பைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீசலில் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஸ்கோடா ஆக்டேவியாவில் வந்த 1.9 டி.டி.ஐ. இன்ஜினில் பிஸ்டன் பிளாக் முகத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பது 0.91 முதல் 1.00 மி.மீ. என்றால் ஒரு துளையிட்ட கேஸ்கெட், 1.01 முதல் 1.10 என்றால் இரண்டு துளை, 1.11 முதல் 1.20 என்றால் மூன்று துளை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு கேஸ்கெட். பழைய கேஸ்கெட்டின் விளிம்பில் எத்தனை துளை என்று எண்ணி அதையே வாங்கிப் போடுவது பிஸ்டனோ ராடோ மாற்றாத வரையில்தான் சரி. மாற்றிவிட்டால் அளந்தே ஆக வேண்டும்.

கட்டி முடித்ததும் பலர் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, “நூத்தம்பது வருது, சூப்பர்” என்பார்கள். அந்த எண்ணை விகிதம் என்று நினைப்பவர்கள் நிறைய. இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது, செல்ஃப் எவ்வளவு வேகம் சுற்றுகிறது, ரிங் எவ்வளவு பிடிக்கிறது, ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். ஊரும் கலந்திருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் நன்றாகக் காட்டிய இன்ஜின் ஊட்டிப் பட்டறையில் ‘ரிங் போயிடுச்சு’ என்ற பெயரை வாங்கிவிடும். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் கேஜ் உதவும்.

இடுக்கு சரியான இன்ஜினுக்குப் பழைய டைமிங் கூடுதலாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். தீ வேகமாகப் பரவுவதால் ஸ்பார்க்கை அவ்வளவு முன்னால் கொடுக்கத் தேவையில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பி வைத்தே தொடங்குவேன். ரிங் படிந்த பிறகு, வண்டியில் நான்கு பேரை ஏற்றி மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறுக்கு விடுவேன். சோதிக்க அந்த அடிவாரம்தான் சரி. காற்று அடர்த்தி, வெயில், ஏற்றம் மூன்றும் அங்கே ஒன்றுசேரும். மூன்றாவது கியரில் குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஓரிரு தடவை லேசாகத் தட்டி, பர்லியார் நெருங்கும்போது அடங்கிவிட்டால் டைமிங்கை அப்படியே விட்டுவிடுவேன். கல்லாறிலேயே விடாமல் தட்டினால் அங்கேயே ஓரமாக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு டிகிரி பின்னால் திருப்பி, அதே வளைவைக் கீழிருந்து மறுபடி ஏறிப் பார்ப்பேன்.